குழந்தைகளின் மலச்சிக்கலும் கைமருந்தும்: எது உதவும், எது ஊறு செய்யும்?

எமது வீடுகளில் பச்சிளங் குழந்தையொன்று இரண்டு நாட்களாக மலங் கழிக்கவில்லையென்றால் முழு வீடுமே பரபரப்படைந்துவிடும். அம்மம்மா ஆமணக்கெண்ணெய்ப் போத்தலைத் தேடுவார். உம்மம்மா தேனில் குழைத்துக் கொடுக்கும் கைமருந்தை நினைவூட்டுவார். வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தோய்த்துப் பின்புறத்தில் வைத்தால் உடனே சரியாகிவிடும் என்று அயல்வீட்டுப் பெண்மணி ஆலோசனை கூறுவார். இவற்றின் நடுவே, "உன்னுடைய பால்தான் பிள்ளைக்குச் சூடு" என்ற ஒரு சொல்லும் வந்து விழும். பிரசவக் களைப்பு இன்னமும் தீராத அந்த இளந்தாய், குற்றம் புரிந்தவள் போலத் தலைகுனிந்து நிற்பாள்.

இவர்கள் அனைவரும் குழந்தையின் மீது கொண்ட அன்பினாலேயே பேசுகின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆனால், இவர்கள் கூறும் கைமருந்துகளில் சில பயனுள்ளவை. சில பயனற்றவையாயினும் தீங்கற்றவை. வேறு சிலவோ குழந்தையின் உயிருக்கே உலை வைக்கக்கூடியவை. இவற்றைப் பிரித்தறிந்து கொள்வது பெற்றோருக்கும் வீட்டிலுள்ள முதியோருக்கும் இன்றியமையாததாகும்.

மலச்சிக்கல் என்பது எது?

முதலில் தெளிவுபடுத்த வேண்டியது, நாட்களை எண்ணி மட்டும் மலச்சிக்கலைத் தீர்மானிக்க முடியாது என்பதாகும். மலத்தின் தன்மையே பிரதானமானது. ஆட்டுப் புழுக்கை போன்று சிறு உருண்டைகளாகவோ, காய்ந்து கடினமாகவோ மலம் வெளியேறுமாயின், அதனைக் கழிக்கும்போது குழந்தை வலியால் துடிக்குமாயின், அது மலச்சிக்கல். ஒரு வாரம் கழித்து வந்தாலும் பசைபோல் மிருதுவாக வருமாயின் அது பெரும்பாலும் மலச்சிக்கல் அன்று.

தாய்ப்பாலை மாத்திரம் அருந்தும் குழந்தை, பிறந்த முதல் சில வாரங்களில் நாளொன்றுக்குப் பல தடவைகள் மஞ்சள் நிறத்தில் இளகிய மலங் கழிப்பது வழமை. ஏறத்தாழ ஆறு வாரங்களின் பின்னர் இந்நிலை மாறுகிறது. அதே குழந்தை மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு தடவை, சில வேளைகளில் ஒரு வாரத்துக்கு ஒரு தடவை மாத்திரம் மலங் கழிக்கக்கூடும். தாய்ப்பாலின் பெரும்பகுதி உடலில் சேர்ந்துவிடுவதால் கழிவாக எஞ்சுவது மிகச் சொற்பமே. குழந்தை நன்றாகப் பாலருந்தி, நாளொன்றுக்கு ஆறு தடவைகளாவது சிறுநீர் கழித்து, உற்சாகமாக இருந்து, நிறையும் சீராக அதிகரித்து வருமாயின் அச்சப்படுவதற்கு எதுவுமில்லை.

ஆனால், முதல் ஆறு வாரங்களுக்குள் மலங் கழிப்பது வெகுவாகக் குறைந்தால் அதனைச் சற்றுக் கவனிக்க வேண்டும். குழந்தைக்குப் போதிய பால் கிடைக்கவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். அவ்வேளையில் தேவைப்படுவது பேதி மருந்து அன்று. குழந்தை மார்பை முறையாகப் பற்றிப் பாலருந்துகிறதா என்பதைக் குடும்பநல உத்தியோகத்தர் மூலம் பரிசீலித்துக் கொள்வதே தேவையானது.

முக்கி அழுவதெல்லாம் மலச்சிக்கலா?

இரண்டு மாதக் குழந்தையொன்று பத்துப் பதினைந்து நிமிடங்கள் முகஞ் சிவக்க முக்கி, வீரிட்டழுது, இறுதியில் மிருதுவான மலத்தைக் கழித்துவிட்டு அமைதியாக உறங்கிவிடுகிறது. பார்ப்போருக்கு இது கடும் மலச்சிக்கலாகவே தோன்றும். உண்மை அதுவன்று. மலங் கழிப்பதற்கு வயிற்றுத் தசைகளை இறுக்க வேண்டும். அதேவேளை ஆசனவாய்த் தசையைத் தளர்த்த வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே செய்யக் குழந்தை இன்னும் பழகவில்லை. அதனால் இரண்டையும் ஒன்றாக இறுக்கிக்கொண்டு அழுகின்றது. சில வாரங்களில் இத்திறனை அது தானாகவே கற்றுக்கொள்ளும்.

இவ்வாறான குழந்தைக்கு வெற்றிலைக் காம்பையோ சவர்க்காரத் துண்டையோ உட்செலுத்தினால் அக்கணமே மலம் வெளியேறும் என்பது உண்மையே. வீட்டாரும் மருந்து பலித்துவிட்டதென மகிழ்வர். ஆனால் வெளியிலிருந்து தூண்டினால்தான் மலங் கழிக்க வேண்டும் என்ற பழக்கமே குழந்தைக்கு ஏற்படுகிறது. இயல்பாகக் கற்றுக்கொள்ள வேண்டியது தாமதமாகின்றது. அத்துடன், குழந்தையின் மலவாயிலின் உட்புறம் மிக மெல்லியது. காம்பின் நுனி அதனைக் கிழித்துவிடலாம். சவர்க்காரத்தின் காரம் புண்ணாக்கிவிடலாம். ஆகவே இவ்விரண்டையும் முற்றாகக் கைவிடுவதே நன்று. மருந்தகங்களில் விற்கப்படும் கிளிசரின் குளிகைகளும் வைத்தியர் கூறினாலன்றி வீட்டாரே வாங்கிப் பாவிக்க வேண்டியவை அல்ல.

ஆறு மாதத்துக்கு முன்னர்

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலை மாத்திரமே கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இவ்விடயத்தில் எமது நாடு பெருமைகொள்ள இடமுண்டு. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதமானோருக்குத் தாய்ப்பால் மாத்திரமே ஊட்டப்பட்டது. கிராமங்கள் தோறும் வீடு வீடாகச் சென்ற குடும்பநல உத்தியோகத்தர்களின் உழைப்புக்கு இதில் பெரும் பங்குண்டு.

தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்குக் கடின மலம் ஏற்படுவது மிக அரிது. எனவே "பால் சூடு" என்ற பேச்சுக்கு அடிப்படையில்லை. இதனைக் கேட்டுத் தாய்ப்பாலை நிறுத்திவிட்டுப் பால்மாவுக்கு மாறும் தாய், இல்லாத மலச்சிக்கலைத் தானே வரவழைத்துக்கொள்கிறாள். தாய்ப்பாலை விடப் பால்மா மலத்தை இறுகச் செய்யும் இயல்புடையது என்பதே இதற்குக் காரணம்.

தவிர்க்க முடியாத காரணத்தால் வைத்திய ஆலோசனையின்படி குழந்தைக்கான பால்மா கொடுக்கப்படுமாயின், அதனைக் கரைக்கும் முறையைக் கவனிக்க வேண்டும். பிள்ளைக்குப் பலம் கிடைக்கட்டும் என்று ஒரு கரண்டி கூடுதலாகப் போடுவது எம்மவரிடையே காணப்படும் வழக்கம். இதனால் பால் தடித்து மலமும் இறுகுகிறது. சிறுநீரகங்களுக்கும் சுமை கூடுகிறது. மறுபுறம், 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எமது மக்கள் அறிந்துகொண்டது போல, விலை ஏறும்போது மாவைக் குறைத்து நீரைக் கூட்டும் நிலையும் உண்டு. அது குழந்தையைப் போசாக்கின்மைக்கு இட்டுச் செல்லும். கொதித்த நீரை முதலில் அளந்து ஊற்றி, பின்னர் பொதியில் குறிப்பிட்டவாறு மட்டமாகத் தட்டிய கரண்டி அளவில் மாவைச் சேர்ப்பதே சரியான முறையாகும். பெரியோர் தேநீருக்குப் பயன்படுத்தும் பால்மாவை ஒரு வயதுக்கு முன்னர் குழந்தையின் பிரதான பாலாகக் கொடுத்தலாகாது. அது மலச்சிக்கலுக்கும் இரும்புச்சத்துக் குறைபாட்டுக்கும் வழிவகுக்கும்.

அப்படியாயின் இவ்வயதில் வீட்டிலேயே செய்யக்கூடியது யாது? அதற்கு மருந்து எதுவும் வேண்டியதில்லை. இரண்டு கைகள் போதும். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, இரு கால்களையும் மெதுவாகப் பிடித்து, சைக்கிள் மிதிப்பது போல மாறி மாறி மடக்கி நீட்டலாம். முழங்கால்களை வயிற்றோடு சேர்த்து மெல்ல அழுத்தி விடலாம். பின்னர் உள்ளங்கையில் சிறிது தேங்காயெண்ணெய் தடவி, தொப்புளைச் சுற்றி, கடிகார முள் செல்லும் திசையில் வயிற்றை இதமாக வருடிவிடலாம். பெருங்குடல் வயிற்றின் வலப்புறத்தில் மேலேறி, குறுக்காகச் சென்று, இடப்புறத்தில் கீழிறங்குகின்றது. கையும் அவ்வழியே செல்வதால்தான் அத்திசை கூறப்படுகிறது. பாலருந்திய உடனே இதனைச் செய்யாது, சற்று நேரம் கழித்துச் செய்வது நல்லது. இளஞ்சூடான நீரில் குளிக்க வார்ப்பதும் தசைகளைத் தளர்த்தும். எமது பாட்டிமார் எண்ணெய் பூசிக் கால் நீட்டிக் குளிக்க வார்த்த முறையில் இந்த நன்மை இருக்கவே செய்தது.

தேன் ஏன் கூடாது?

கைமருந்துகளுள் மிகவும் நல்லதென நம்பப்படுவதும் குழந்தைக்கு மிகவும் ஆபத்தானதும் தேனே. தேனில் குளொஸ்ரிடியம் பொட்டுலினம் என்ற பக்டீரியாவின் வித்திகள் இருக்கக்கூடும். வளர்ந்தோரின் குடலில் அவை எதுவும் செய்வதில்லை. ஆனால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. அந்நஞ்சு நரம்புகளைத் தாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்கிறது. 1976 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இந்நோய் முதன்முறையாக இனங்காணப்பட்டது.

இந்நோயின் முதல் அறிகுறி மலச்சிக்கல் என்பதை இங்கு ஆழ்ந்து கவனிக்க வேண்டும். மலச்சிக்கலைப் போக்கவெனத் தேன் கொடுக்கப்படுகின்றது. அத்தேனாலேயே மலச்சிக்கல் மோசமடைகிறது. அதனைத் தீர்க்க மேலும் தேன் கொடுக்கப்படுகிறது. அதன் பின்னர் குழந்தையின் அழுகை மெலிந்து, கண்ணிமைகள் தொங்கி, பால் உறிஞ்சும் வலு குன்றி, கழுத்து துவண்டு, இறுதியில் மூச்சும் தடைப்படலாம். காய்ச்சுவதாலோ சுத்தமான மலைத்தேன் என்பதாலோ இந்த ஆபத்து நீங்கிவிடாது. சாதாரண சமையற் சூட்டில் இவ்வித்திகள் அழிவதில்லை. ஆகவே ஒரு வயது பூர்த்தியாகும் வரை குழந்தையின் நாவில் தேன் படவே கூடாது.

தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் பிறந்த குழந்தையின் நாவில் தேனோ சர்க்கரை நீரோ தடவும் வழக்கம் இருந்து வருகின்றது. முஸ்லிம் குடும்பங்களில் தஹ்னீக் எனும் மரபுக்கமைய, மென்மையாக்கிய பேரீச்சம்பழம் குழந்தையின் மேலண்ணத்தில் தடவப்படுகிறது. பேரீச்சம்பழம் இல்லாதபோது சிலர் தேனைப் பயன்படுத்துகின்றனர். மரபைப் பேண விரும்புவோர் தேனை முற்றாகத் தவிர்க்க வேண்டும். மேலும், கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, தடிமன், காய்ச்சல் முதலிய தொற்றுள்ளோர் விலகியிருந்து, விடுதியிலுள்ள வைத்தியரின் ஆலோசனையையும் பெற்றுக்கொள்வது குழந்தைக்குப் பாதுகாப்பாகும்.

ஆமணக்கெண்ணெயும் பிறவும்

ஆமணக்கெண்ணெய் பெரியோருக்கே வயிற்றைப் புரட்டும் கடும் பேதி மருந்து. குடலை உறுத்திச் சுருங்கச் செய்வதன் மூலமே அது செயற்படுகின்றது. நான்கைந்து கிலோகிராம் நிறையுள்ள குழந்தைக்கு அதனைக் கொடுத்தால் கடும் வயிற்றுவலியும், அதனைத் தொடரும் வயிற்றோட்டத்தால் நீரிழப்பும் ஏற்படலாம். அழும் குழந்தையின் மூக்கைப் பிடித்து எந்த எண்ணெயைப் புகட்டினாலும் இன்னோர் ஆபத்தும் உண்டு. எண்ணெய் புரையேறிச் சுவாசப்பைக்குள் சென்றால் கடுமையான நியூமோனியா ஏற்படும்.

கொத்தமல்லித் தண்ணீர், ஓமத் தண்ணீர், சீனித் தண்ணீர், வெறும் வெந்நீர் ஆகியவற்றையும் ஆறு மாதத்துக்கு முன்னர் கொடுக்க வேண்டியதில்லை. சிறு வயிறு நீரால் நிறைந்தால் தாய்ப்பால் அருந்துவது குறையும். நீர் மிகுந்தால் இரத்தத்திலுள்ள சோடியத்தின் அளவு தாழ்ந்து வலிப்பும் ஏற்படலாம். வசம்பு, கோரோசனை, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத உரைமருந்துகள் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பெரியோருக்கு இம்மருந்துகள் பயன் தருகின்றனவா என்பது வேறு விடயம். குழந்தையின் ஈரலும் சிறுநீரகங்களும் இன்னும் முதிர்ச்சியடையவில்லை என்பதே இங்கு கருத்திற் கொள்ளப்பட வேண்டியது.

ஆறு மாதத்தின் பின்னர்: சமையலறையே மருந்தகம்

உண்மையான மலச்சிக்கல் பெரும்பாலும் தலைகாட்டுவது, குழந்தைக்கு மேலதிக உணவு ஆரம்பிக்கப்படும் காலத்திலேயே. வெறும் சோற்றுக் கஞ்சி, ரஸ்க், பிஸ்கட், பால்மா என்று நார்ச்சத்தற்ற உணவுகள் தொடர்ந்து கொடுக்கப்படும்போது மலம் இறுகுகின்றது. இவ்வயதில்தான் கைமருந்துக்கு உண்மையான இடமுண்டு. ஆனால் அது போத்தலில் இல்லை, சமையலறையில் உள்ளது.

நன்கு பழுத்த பப்பாசிப்பழத்தை மசித்து இரண்டு மூன்று தேக்கரண்டி அளவில் ஆரம்பிக்கலாம். மாம்பழமும் நல்லது. பேரிக்காயிலும் உலர்ந்த பிளம்ஸ் பழத்திலும் சோர்பிட்டோல் என்ற இயற்கைச் சீனி உண்டு. அது குடலில் நீரைத் தக்கவைத்து மலத்தை இளக்குகின்றது. தோல் நீக்கி அவித்து மசித்த பேரிக்காய் இக்காரணத்தால் விசேடமானது. விதையும் தோலும் நீக்கி, கொதித்தாறிய நீரில் ஊறவைத்து மசித்த பேரீச்சம்பழத்தையும், அவ்வாறே ஊறவைத்துக் கசக்கி வடித்த உலர்ந்த முந்திரிகைப் பழத்தையும் சிறிதளவு கஞ்சியில் கலந்து கொடுக்கலாம். வாழைப்பழத்தைப் பொறுத்தவரையில், நன்கு கனிந்ததையே கொடுக்க வேண்டும். காய்ப்பதம் மாறாதது மலத்தைக் கட்டும்.

சோற்றுடன் பருப்பு, பச்சைப்பயறு, கீரை, பூசணி, வற்றாளங்கிழங்கு என்பவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து மசிக்கலாம். பழங்களை முழுதாகவோ துண்டாகவோ கொடுத்துத் தொண்டையில் அடைபட இடமளிக்கக் கூடாது. நார்ச்சத்தைக் கூட்டும்போது நீரும் அவசியம். கொதித்தாறிய நீரைக் கோப்பையால் உணவுடன் சிறுசிறு மிடறாகக் கொடுக்கலாம். தாய்ப்பாலையும் நிறுத்தாது தொடர வேண்டும். ஒரு வயதுக்கு முன்னர் பழச்சாறு பொதுவாக விதந்துரைக்கப்படுவதில்லை. சீனி சேர்க்காத பேரிக்காய்ச் சாற்றைச் சில நாட்களுக்கு மாத்திரம் கொடுக்கும்படி வைத்தியர் கூறுவதுண்டு. அவ்வாறாயின் அவர் கூறும் அளவை மீறலாகாது.

இம்மாற்றங்கள் ஓரிரவில் பலன் தருவதில்லை. சில நாட்கள் செல்லும். ஆயினும் காலந்தாழ்த்தாது ஆரம்பிக்க வேண்டியதற்கு ஒரு காரணமுண்டு. கடின மலம் ஒரு தடவை ஆசனவாயைக் கிழித்துவிட்டால் அடுத்த தடவை வலிக்குமென அஞ்சிக் குழந்தை மலத்தை அடக்கத் தொடங்கும். அடக்க அடக்க மலம் மேலும் இறுகும். இறுகியது மேலும் கிழிக்கும். இச்சுழல் மாதக்கணக்கில் நீடிக்கக்கூடியது.

உணவு மாற்றத்தால் சரியாகாதபோது வைத்தியர் மலத்தை இளக்கும் மருந்தை எழுதித் தரலாம். அது பழகிவிடும் என்று அஞ்சிச் சில பெற்றோர் இடையில் நிறுத்திவிடுகின்றனர். ஆமணக்கெண்ணெயை அஞ்சாது புகட்டும் நாம், அளவறிந்து தரப்படும் மென்மையான மருந்துக்கு அஞ்சுவது விந்தையே. லக்டுலோஸ் போன்ற மருந்துகள் குடலில் நீரைத் தக்கவைத்தே செயற்படுகின்றன; கூறப்பட்ட காலம் வரை கொடுப்பதே அந்தச் சுழலை முறிக்கும். இரும்புச்சத்துத் துளிமருந்து பெறும் குழந்தையின் மலம் கறுத்து இறுகலாம். அதனையும் தாமாக நிறுத்தாது, வழங்கியவரிடம் வினவுதல் வேண்டும்.

கைமருந்துக்கு இடமில்லாத வேளைகள்

சில அறிகுறிகள் தோன்றும்போது வீட்டில் எதையும் செய்து பார்ப்பதே தவறாகிவிடும். நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைகளில் பெரும்பாலானவை 24 மணித்தியாலங்களுக்குள்ளும், ஏறத்தாழ அனைத்தும் 48 மணித்தியாலங்களுக்குள்ளும் கரும்பச்சை நிறமான முதல் மலத்தைக் கழித்துவிடும். அவ்வாறு கழிக்காத குழந்தைக்குப் பெருங்குடலின் ஒரு பகுதியில் நரம்புக் கலங்களே இல்லாதிருக்கலாம். 1886 ஆம் ஆண்டில் இதனை விபரித்த டென்மார்க் வைத்தியர் ஹரால்ட் ஹேர்ஷ்ஸ்ப்ரங்கின் பெயராலேயே இந்நோய் அழைக்கப்படுகின்றது. ஏறத்தாழ 5000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற வீதத்தில் இது ஏற்படுகிறது. சத்திர சிகிச்சையால் இதனைச் சீர்செய்ய முடியும். ஆனால் பேதி மருந்தும் வெற்றிலைக் காம்பும் கொண்டு நாட்களைக் கடத்தினால் குடல் வீங்கிக் கிருமி தொற்றி உயிராபத்து நேரலாம்.

அவ்வாறே, பிறவியிலேயே தைரொயிட் சுரப்பி குறைவாகச் செயற்படும் குழந்தைக்கும் மலச்சிக்கல் ஓர் அறிகுறியாகும். பிறந்த குழந்தையின் குதிகாலில் சில துளி இரத்தம் எடுத்துச் சோதிப்பது இதனை முற்கூட்டியே கண்டறிவதற்காகும். அச்சோதனை செய்யப்பட்டதா என்பதைப் பெற்றோர் கேட்டறிந்து கொள்ள வேண்டும். உரிய காலத்தில் மருந்து ஆரம்பித்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதுகாக்கப்படும்.

பச்சை நிற வாந்தி, வயிறு ஊதி இறுகுதல், மலத்தில் இரத்தம், காய்ச்சல், பாலருந்த மறுத்தல், சோர்ந்து துவளுதல், அழுகை மெலிதல் என்பவற்றில் ஒன்று காணப்படினும் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். குழந்தை விட்டு விட்டு வீரிட்டழுது, கால்களை வயிற்றோடு மடக்கி, செந்நிறக் களி போன்ற மலங் கழித்தால், குடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் செருகிக்கொண்டிருக்கலாம். அது மணித்தியாலக் கணக்கில் சிகிச்சையளிக்கப்பட வேண்டிய அவசர நிலை. இரவு வேளையில் வாகனம் கிடைக்காவிடின் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை இலவசமாகப் பெறலாம். பிறந்த நாள் முதல் மலச்சிக்கல் தொடர்ந்தாலோ, சுகாதாரப் பதிவேட்டிலுள்ள வளர்ச்சிக் கோடு தட்டையானாலோ, அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராது வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பாட்டிமாரின் பங்கு

இவற்றையெல்லாம் கூறுவது முதியோரின் அனுபவத்தைப் புறந்தள்ளுவதற்கன்று. பிள்ளைபெற்ற வீட்டைத் தாங்கி நிற்பவர்கள் அம்மம்மாவும் உம்மம்மாவும்தான். நாட்கணக்கில் உறக்கமின்றி இருக்கும் தாயின் கையிலிருந்து குழந்தையை வாங்கி மடியில் கிடத்தி, வயிற்றை வருடி, காலை மடக்கி நீட்டி ஆறுதல்படுத்த அவர்களைவிடக் கைதேர்ந்தவர்கள் எவருமிலர். பருப்பையும் கீரையையும் பக்குவமாக மசித்து ஊட்டவும் அவர்களுக்கே தெரியும். அவர்கள் தேன் போத்தலையும் ஆமணக்கெண்ணெயையும் அலுமாரியின் மேற்தட்டில் வைத்துவிட்டால் போதுமானது.

குடும்பநல உத்தியோகத்தர்களும் வீடுகளுக்குச் செல்லும்போது தாயிடம் மாத்திரம் பேசிவிட்டுத் திரும்பாது, பாட்டியையும் அருகில் அமர்த்தி இவற்றை விளக்குவது பெரும் பயன் தரும். ஏனெனில், வீட்டின் முடிவுகளை எடுப்பவர் அநேகமாக அவரே. தந்தைமாரும் இதனைப் பெண்களின் விடயமென ஒதுக்கிவிடலாகாது.

இறுதியாக, அந்த இளந்தாயிடம் கூற வேண்டியது ஒன்றுண்டு. குழந்தை இரண்டு நாட்கள் மலங் கழிக்காதது அவளுடைய குற்றமன்று. அவளுடைய பாலின் குற்றமுமன்று. "உன்னுடைய பால்தான் சூடு" என்று கூறும் வீட்டார், அதற்குப் பதிலாக, "பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறது, பயப்படாதே" என்று ஒரு சொல் கூறுவார்களாயின், அதனைவிடச் சிறந்த கைமருந்து அவ்வீட்டில் வேறில்லை.